ரெண்டு ஆள் கம்பம்

என் வீட்டுக்காரரு சந்திரசேகரன் ரொம்ப அமைதியானவருன்னு லிங்கராஜபுரத்துல யாரக் கேட்டாலும் சொல்லுவாங்க. பால்காரன் சொல்லுவான், வீட்டு ஓனர் முனிராஜ் சொல்லுவாரு, எதிர் வீட்டு டீச்சரம்மா தலைய ஆட்டி ஆட்டிச் சொல்லுவாங்க. எனக்குப் பத்திக்கிட்டு வரும். அமைதியா? அந்த மனுஷனா? கையில மைக்கக் குடுத்துப் பாருங்க. பல்கேரியாக்காரன்கிட்ட பேசுவாரு, இந்தோனேஷியாக்காரன்கிட்ட பேசுவாரு, எங்கியோ கப்பல்ல போற ஒருத்தன்கிட்ட அங்க மழையா வெயிலான்னு விசாரிப்பாரு. வீட்டுல எங்கிட்ட பேசறது "உப்பு", "சாவி", "ஆங்". ரொம்ப சந்தோஷமா இருந்தா "ஆங் ஆங்".

ஹாம் ரேடியோன்னு சொல்லுவாங்க. கவர்மென்ட்டுல பரீட்சை எழுதி, லைசென்ஸ் வாங்கி, சொந்தமா ரேடியோ வெச்சுக்கிட்டு, உசரத்துல கம்பி கட்டி, முகம் தெரியாதவங்களோட பேசறது. பேசி என்னங்க பண்ணுவீங்கன்னு கல்யாணமான புதுசுல கேட்டேன். "நீங்க பேசறது எனக்குக் கேக்குது, நான் பேசறது உங்களுக்குக் கேக்குதான்னு கேப்போம்"னாரு. அப்புறம்?னேன். "கேக்குதுன்னு சொல்லுவாங்க"ன்னாரு. அதுக்கு மேல அதுல ஒண்ணும் இல்லையாம். இதுக்கு ஒரு லைசென்ஸு!

அவருக்குச் சொந்த ஊரு குடியாத்தம். சின்ன வயசுலயே ஒயிட்ஃபீல்ட் பக்கம் ஒரு கம்பெனியில மீட்டர் டெஸ்டிங் வேலைக்கு வந்தவரு. நான் ஒக்கலிபுரத்துல பொறந்து வளந்தவ, எங்கப்பா ரயில்வே. பொண்ணு பாக்க வந்த அன்னைக்கு என்னப் பாத்தாரோ இல்லையோ, எங்க மொட்டை மாடிய நிமிந்து நிமிந்து பாத்தாரு. மாப்பிள்ளைக்கு வீடு புடிச்சுப் போச்சுன்னு எங்கம்மாவுக்கு ஒரே சந்தோஷம். ஆன்டெனா கட்ட எடம் பாத்திருக்காருன்னு பின்னாடிதான் தெரிஞ்சுது. இன்னைக்கு வரைக்கும் அவருக்குக் கன்னடம் தட்டுத்தடுமாறித்தான் வரும். ஆட்டோக்காரன்கிட்ட சண்டை, ஓனர்கிட்ட வாடகைப் பேச்சு, கேஸ்காரன், கேபிள்காரன் எல்லாம் நான்தான். ரிட்டையர் ஆயிட்டாரு, பொண்ணு வைஷ்ணவி கல்யாணமாகி புனே போயிட்டா, வீட்டுல நாங்க ரெண்டே பேரு. இனிமேலாவது மனுஷன் என்கூட நாலு வார்த்தை பேசுவாருன்னு நெனச்சேன் பாருங்க, என்னச் சொல்லணும்.

இப்ப இருக்கற வீட்டுல மாடியில கம்பி கட்ட ஓனர் விடல. "பேடா சார், வேண்டாம், இடி விழும்"னு முனிராஜ் ஒரே புடியா நின்னுட்டாரு. நான் போய்ப் பேசியிருந்தா ஒரு நாள்ல வழிக்குக் கொண்டு வந்திருப்பேன். பேசல. வேணும்னேதான் பேசல. வீட்டுல கம்பி இல்லன்னா ரேடியோவும் இல்ல, ஞாயித்துக்கிழமை வீட்டுல இருப்பாருன்னு கணக்கு. அவரு என்ன பண்ணாரு? ரேடியோவப் பையில போட்டுக்கிட்டு, ஸ்கூட்டர எடுத்துக்கிட்டு, பாகலூர் தாண்டி ஒரு காலி லேஅவுட்டுக்குப் போயிட்டாரு. அங்க மூங்கில் கம்பு நட்டு, கம்பி கட்டி, சாயங்காலம் வரைக்கும் பேச்சு. வாரா வாரம். ஒரே ஒரு வாட்டி என்னயும் கூட்டிக்கிட்டுப் போனாரு, இங்க எனக்கு என்ன வேலைன்னு கேட்டுட்டேன், அப்புறம் கூப்புடல.

அதோட போயிருந்தா பரவாயில்ல. கூட ஒருத்தி சேந்துக்கிட்டா. ஸ்ரீலக்ஷ்மி.

பேங்க்குல ஆபீசரு. கம்மனஹள்ளியில வீடு, புருஷன் துபாயில. நல்ல நெட்டை. கை ரெண்டும் அவ்வளவு நீளம். காரு அவளே ஓட்டிக்கிட்டு வருவா. லைசென்ஸ் பரீட்சைக்கு என் வீட்டுக்காரருதான் பாடம் சொல்லிக் குடுத்தாரு, எங்க டைனிங் டேபிள்ல உக்கார வெச்சு. நான் காபி போட்டுக் குடுத்தேன். என் கையாலயே! அவளுக்கு நாப்பத்தஞ்சு இருக்கும், எனக்கு அம்பத்தாறு. என்ன "ஆன்ட்டி"ங்கறா. அவர "சார்"ங்கறா. சார் பொண்டாட்டி எப்படிம்மா ஆன்ட்டி ஆவா? மேடம்னு வாயில வராதா?

பாஸ் பண்ணதுல இருந்து ஞாயித்துக்கிழமையானா அவளும் அந்த லேஅவுட்டுல ஆஜர். கம்ப நிறுத்த ஒருத்தர் புடிச்சுக்கணுமே, இவதான் புடிப்பா. வந்து கதையா சொல்லுவாரு. "ஸ்ரீலக்ஷ்மி நல்லா ஸ்டெடியா புடிச்சாங்க"ன்னு. இருவத்தெட்டு வருஷமா இந்தக் குடும்பத்தப் புடிச்சுக்கிட்டு நிக்கறேன், என்ன யாரு ஸ்டெடின்னு சொன்னா?

நேராவே சொல்லிடறேன். எனக்குப் பொறாமை. அவங்களுக்குள்ள தப்பா ஏதோ இருக்குன்னு நான் சொல்லல. அந்த மனுஷனுக்குத் தப்புத்தண்டா பண்ணவெல்லாம் நேரம் கெடையாது, அதுக்குள்ள எவனாவது ஜப்பான்ல இருந்து கூப்புட்டுருவான். எனக்கு வயித்தெரிச்சலே வேற. "கொஞ்சம் இப்படிப் புடிங்க"ன்னு அவகிட்ட சொல்றாரு பாருங்க, அந்த "புடிங்க". அது எனக்கு வரணும். ஞாயித்துக்கிழமை அவர் பக்கத்துல நிக்கற ஆளு நானா இருக்கணும். அத நானா போய்க் கேக்க மாட்டேன். கேட்டு வாங்கறதுக்கு அது என்ன ரேஷன் சக்கரையா?

ஆடி மாசக் காத்துல அந்த மூங்கில் நடுவுல பொளந்துகிச்சு. அப்பாடான்னு நெனச்சேன். அங்கதான் ஆரம்பிச்சுது ஆட்டம். மூங்கில் இனிமே வேண்டாம், டெலஸ்கோப் மாதிரி ஒண்ணுக்குள்ள ஒண்ணு நுழைஞ்சுக்கற கம்பம் வாங்கப் போறேன்னாரு. மடக்குனா ஸ்கூட்டர்ல வெச்சுக்கலாம், இழுத்து நிறுத்துனா மூணு மாடி உசரம் வருமாம். டேப்ப எடுத்துக்கிட்டு ஸ்கூட்டர அளந்தாரு, மாடிப்படி திரும்பற எடத்த அளந்தாரு, பீரோ பின்னாடி இருக்கற சந்த அளந்தாரு. வைஷ்ணவி கல்யாணத்துக்கு மண்டபம் பாக்கறப்பகூட இவ்வளவு அக்கறை இல்ல.

அதிசயமா, அந்த வாரம் பூரா சாப்பாட்டு நேரத்துல எங்கிட்ட பேசினாரு. கம்பத்துல மூணு ஜாதியாம். கார்பன் ரொம்ப லேசு, ஆனா அதுவே கரண்ட்ட உள்ள வாங்கும், பக்கத்துல போற ஆன்டெனா கம்பிய ஒழுங்கா வேலை செய்ய விடாதாம். ஃபைபர்கிளாஸ், தூண்டில் கம்பு மாதிரி, நுனியில ஆடும். அதுல ஒரு கம்பியக் கட்டித் தொங்க விடலாம், அவ்வளவுதான். ஆனா ஒரே ஆளு நிறுத்திடலாம். அலுமினியம் கனம், தாங்கும். மேல கொம்பு மாதிரி நீட்டிக்கிட்டு ஒரு ஆன்டெனா வெச்சு, எந்தத் திசையில இருந்து பேச்சு வருதோ அந்தப் பக்கம் திருப்பலாம். "ஆனா அது ரெண்டு ஆள் வேலை, தமயந்தி"ன்னாரு. "நிறுத்தவே ரெண்டு பேரு வேணும். அப்புறம் ஒருத்தர் ரேடியோகிட்ட உக்காந்து கேக்கணும், ஒருத்தர் கீழ நின்னு கம்பத்தத் திருப்பணும். கேக்கறவரு சொல்லச் சொல்ல, கொஞ்சம் கொஞ்சமா."

இத என் மூஞ்சியவே பாத்துக்கிட்டுச் சொன்னாரு. எதுக்குப் பாக்கறாரு? பர்மிஷன் கேக்கறாராக்கும்! அந்த ரெண்டாவது ஆளு யாருன்னு எனக்குத் தெரியாதா? "ரசம் ஊத்தட்டுமா"ன்னு கேட்டுட்டு எழுந்து போயிட்டேன்.

ரெண்டு நாள் கழிச்சு சாயங்காலம், அவரு பால்கனியில சின்ன செட்ட வெச்சுப் பேசிக்கிட்டிருந்தாரு. வாக்கி டாக்கி மாதிரி இருக்கும், ஊருக்குள்ள பேசறதுக்கு. அதுல இன்னொண்ணு ஃப்ரிட்ஜு மேல எப்பவும் கரகரன்னு ஓடிக்கிட்டே கெடக்கும். அதனால அவரு பேசறது எனக்குப் பால்கனியில இருந்து ஒரு வாட்டி, ஃப்ரிட்ஜுல இருந்து ஒரு வாட்டி கேக்கும். எதிர்ல யாரு? அந்த நெட்டச்சிதான்.

"எக்ஸ்ஒய்எல்கிட்ட இன்னும் சொல்லல"ங்கறாரு. "பெரிய கம்பம் கைக்கு வரட்டும். அது வரைக்கும் நீங்களும் வாயத் தொறக்காதீங்க. ஓவர்."

"சரி சார், சரி சார்"னு அவ சிரிக்கறா.

யாரு இந்த எக்ஸு? கரண்டிய அப்படியே வெச்சுட்டுக் காத நீட்டினேன். அடுத்து சொல்றாரு, "எக்ஸ்ஒய்எல் வெண்டைக்கா பொரியல் பண்றாங்க, வாசனை இங்க வரைக்கும் வருது. ஓவர்."

வெண்டைக்கா என் அடுப்புல! அப்ப எக்ஸு நான்! எக்ஸுன்னா என்னன்னு எனக்குத் தெரியாதா, டிவியில தெனம் பாக்கறேனே. எக்ஸ் ஹஸ்பண்ட், எக்ஸ் ஒய்ஃப். அடுப்புல நான் நிக்கறப்பவே என்ன எக்ஸு ஆக்கிட்டாரா இந்த மனுஷன், அதுவும் ஊரே கேக்கற சேனல்ல! பொரியல் அடிப்புடிச்சுது. புடிக்கட்டும்னு விட்டுட்டேன். அன்னைக்கு அவருக்கு அதத்தான் வெச்சேன். "ஆங்"னு சொல்லிட்டு அதையும் சாப்பிட்டாரு.

மறுநாள் நேரா ஆம்ப்ரோஸ் கடைக்குப் போனேன். சர்ச்சு பக்கத்துல மிக்ஸி, ஃபேன் ரிப்பேர் பண்ற புள்ள, அவனும் இந்த ரேடியோ கூட்டந்தான். "தம்பி, ஒய்எல்னா என்ன, எக்ஸ்ஒய்எல்னா என்ன, மறைக்காமச் சொல்லு"ன்னேன்.

விழுந்து விழுந்து சிரிச்சான். "அய்யோ அக்கா, அது ரேடியோ பாஷை. ஒய்எல்னா யங் லேடி. ரேடியோல பேசற லேடீஸ் எல்லாருமே ஒய்எல்தான், எம்பது வயசானாலும்."

"அப்ப எக்ஸு?"

கழுத்தச் சொறிஞ்சான். "அது வந்துக்கா... முன்னாடி யங் லேடியா இருந்தவங்க. அதாவது சம்சாரம். தந்தி அடிச்ச காலத்துல இருந்தே உலகம் பூரா அப்படித்தான் சொல்றாங்க. மரியாதையாதான்."

மரியாதையாம் மரியாதை! அவ யங் லேடி, நான் மாஜி யங் லேடி! தெரியாம இருந்தப்பவே நிம்மதியா இருந்துச்சு. டைவர்ஸுன்னு நெனச்சு வந்தவளுக்கு, அதுக்கும் மேல ஒண்ணு இருக்குன்னு அந்தப் புள்ள ஸ்க்ரூடிரைவரக் கையில வெச்சுக்கிட்டு வெளக்கறான். "டீ சொல்லட்டுமாக்கா"ன்னான். "நீயே குடி"ன்னுட்டு வந்துட்டேன்.

சரி, டைவர்ஸு இல்ல. ஆனா "எங்கிட்ட சொல்லாதீங்க"ன்னு ஒண்ணு இருக்கே, அது என்ன? பெரிய கம்பம் வந்தப்புறம் சொல்றதுன்னா? வேற என்ன, இனிமே காலைல இருந்து ராத்திரி வரைக்கும் அங்கயே, ரெண்டு பேரும் ஜோடியா, ஒருத்தர் சொல்லச் சொல்ல ஒருத்தர் திருப்பிக்கிட்டு. நான் முடிவு பண்ணிட்டேன். அந்தக் கம்பம் வந்தாத்தானே!

எஸ்.பி. ரோடு பக்கத்துல ஒரு சந்துல கம்பம் விக்கற கடை. நானும் வரேன்னு கெளம்பினேன். அவருக்கு முகமெல்லாம் ஒரே மலர்ச்சி. "வா வா"ன்னாரு. அங்க போனா எங்களுக்கு முன்னாடி அவ நிக்கறா, குர்தா, ஸ்போர்ட்ஸ் ஷூ, கூலிங் கிளாஸு. "வாங்க ஆன்ட்டி!"

கடைக்கார பாய் பின்னாடி முத்தத்துல அலுமினியக் கம்பத்தக் கொண்டாந்து வெச்சாரு. என் வீட்டுக்காரரு ஒவ்வொரு குழாயா மேல தள்ளித் தள்ளி க்ளாம்ப்ப முறுக்கறாரு, அவ கீழ ரெண்டு கையாலயும் கட்டிப் புடிச்சுக்கிட்டு நிக்கறா. "மெதுவா... விடாதீங்க... அப்படியே நில்லுங்க." கம்பம் மேல ஏற ஏற இவரு முகத்துல அப்படி ஒரு சிரிப்பு. அப்புறம் கொஞ்ச தூரம் தள்ளிப் போய் நின்னு, ரேடியோ முன்னாடி உக்காந்திருக்கற மாதிரி தலைய சாச்சுக்கிட்டு, "கொஞ்சம் மேற்கே... இன்னும் கொஞ்சம்... ஆங், போதும்"னாரு. அவ திருப்பறா. இந்த மனுஷன் எங்கிட்ட இவ்வளவு பதமா ஒரு வார்த்தை சொல்லி எத்தனை காலமாச்சு?

"இந்தக் கம்பம் வேண்டாம்"னேன்.

மூணு பேரும் திரும்பிப் பாத்தாங்க.

"இவ்வளவு கனத்த மாடிப்படியில யாரு தூக்கறது? உங்க முட்டிக்கு ஆகுமா? ஸ்கூட்டர்ல கட்டுனா வண்டி ஒரு பக்கமா இழுக்காதா? போற வழியில ட்ராஃபிக் போலீஸ் விடுவானா? ஒத்த ஆளு நிறுத்தற ஃபைபர் இருக்குன்னு சொன்னீங்களே, அதையே வாங்குங்க. யாரையும் எதிர்பாக்க வேண்டாம். உங்க பாட்டுக்குப் போனீங்களா, நிறுத்துனீங்களா, பேசினீங்களா, வந்தீங்களா. எதுக்கு இன்னொரு ஆளு?"

கடைசி வார்த்தைய அவளப் பாத்துத்தான் சொன்னேன். அவ வாயத் தொறந்தா, என்னமோ சொல்ல வந்தா. இவரு வேண்டாம்ங்கற மாதிரி தலைய ஆட்டினாரு. பாத்தீங்களா, ஜாடை!

கம்பத்துல இருந்து கைய எடுக்காமயே என் பக்கம் திரும்பினாரு. "இன்னொரு ஆளே வேண்டாங்கறியா, தமயந்தி?"

"வேண்டவே வேண்டாம்"னேன். "அந்த வெயில்ல நின்னு கம்பத்தக் கட்டிக்கிட்டு அழ யாருக்கு என்ன தலையெழுத்து?"

"சரி"ன்னாரு. க்ளாம்ப்ப ஒவ்வொண்ணா தளத்தி, கம்பத்த எறக்கி, பாய்கிட்ட குடுத்துட்டு, ஃபைபர வாங்கிக்கிட்டாரு. வர்ற வழியெல்லாம் பேச்சு மூச்சு இல்ல. அவள விட்டுட்டுப் போகணுமேன்னு எவ்வளவு பேஜாரு பாருன்னு நான் உள்ளுக்குள்ள கொக்கரிச்சுக்கிட்டு வந்தேன். அன்னைக்கு வீட்டுல பாயசம் வெச்சேன்.

அதுக்கப்புறம் ரெண்டு மூணு ஞாயித்துக்கிழமை போச்சு. தனியாத்தான் போனாரு. எனக்கு உச்சி குளுந்துது. ஜெயிச்சுட்டேன்ல. ஆனா ஜெயிச்சுட்டு என்ன பண்றதுன்னு தெரியல. மத்தியானம் ஒத்த ஆளுக்கு சாதம் வெச்சு சாப்பிட்டுட்டு, டிவியப் போட்டுக்கிட்டு உக்காந்திருப்பேன். முன்னையாவது அவளத் திட்டிக்கிட்டே பொழுது ஓடும்.

ஒரு வெள்ளிக்கிழமை அவளே வீட்டுக்கு வந்தா. இவரு மார்க்கெட்டுக்குப் போயிருந்தாரு. கையில ஸ்வீட் பாக்ஸு. ஹுப்பள்ளிக்கு டிரான்ஸ்ஃபர் ஆயிடுச்சாம், வர்ற வாரம் கெளம்பறாளாம். "ஆர்டர் வந்தே ரொம்ப நாளாச்சு ஆன்ட்டி, சாருக்குத் தெரியும்"னா. அப்புறம் பையில இருந்து ஒரு கவர எடுத்து நீட்டினா. உள்ள ஒரு ஜோடி கையுறை. உள்ளங்கையில தோல் வெச்சுத் தெச்சது. சின்னது.

"இது எதுக்கு?"ன்னேன்.

"உங்களுக்குத்தான் ஆன்ட்டி. அலுமினியக் கம்பம் வெயில்ல சுடும். திருப்பறப்ப கை காந்திடக் கூடாதுன்னு சார் முன்னாடியே வாங்கச் சொன்னாரு. சைஸு என்னன்னு கேட்டேன். கையுறை சைஸு தெரியாது, வளையல் சைஸு ரெண்டு நாலுன்னாரு. அத வெச்சுக் கடையில கேட்டு வாங்கினேன்."

அவளே சொல்லிக்கிட்டுப் போறா.

"நீங்க ஒரு வாட்டி லேஅவுட்டுக்கு வந்தீங்களாமே. 'இங்க எனக்கு என்ன வேலை இருக்கு, எதுக்குக் கூப்புட்டு வந்தீங்க'ன்னு கேட்டீங்களாம். அதான் சாரு உங்களுக்கு ஒரு வேலை இருக்கற மாதிரி கம்பமா தேடிக்கிட்டே இருந்தாரு. நான் போனதும் உங்களக் கூப்புடணும், கம்பம் வந்தப்புறம் சொல்லலாம், முன்னாடியே சொன்னா வர மாட்டேன்னுடுவீங்கன்னு நெனச்சாரு. கடையில நீங்களே இன்னொரு ஆளு வேண்டாம்னுட்டீங்களா, சாருக்கு அப்புறம் கேக்க மனசு வரல. நான் சொல்ல வந்தேன், வேண்டாம்னு தலைய ஆட்டிட்டாரு." கொஞ்சம் நிறுத்திட்டு, "சார்கிட்ட குடுத்தா பீரோவுல வெச்சுடுவாரு, அதான் உங்க கையிலயே குடுக்கறேன்"னா.

காபி குடிச்சுட்டுப் போனா. போறப்ப என் தோளக் கட்டிக்கிட்டா. நெட்டையா இருக்கறதால என் தலை அவ தோள்பட்டைக்குத்தான் வந்துது. அப்பக்கூட எனக்கு அவ மேல பொறாமைதான். என் புருஷன் மனசுல இருந்தத எனக்கு முன்னாடி அவகிட்ட சொல்லியிருக்காரே.

ஞாயித்துக்கிழமை காலைல குளிச்சு, பழைய காட்டன் பொடவையக் கட்டி, செருப்பு வேண்டாம்னு வைஷ்ணவி விட்டுட்டுப் போன கேன்வாஸ் ஷூவ மாட்டிக்கிட்டு கீழ எறங்கினேன். அவரு ஸ்கூட்டர்கிட்ட நின்னுக்கிட்டிருந்தாரு. ஃபைபர் கம்பத்தப் பின் சீட்டுல நீளவாக்குல வெச்சு, ரப்பர் கயித்தால இறுக்கிக் கட்டியாச்சு. நான் உக்கார எடத்துல அது படுத்திருக்கு. கையுறைய முந்தானைக்குள்ள சுருட்டிப் புடிச்சுக்கிட்டேன்.

"நானும் வரட்டுமா?"ன்னேன். வாழ்க்கையில மொதல் தடவையா நானா கேட்டேன்.

அவரு நிமிந்து பாத்தாரு. ஷூவப் பாத்தாரு. கொஞ்சம் சிரிச்சாரு. குத்தம் சொல்ற சிரிப்பு இல்ல, நெசமாவே எனக்காகச் சொன்னாரு.

"எதுக்கு தமயந்தி வெயில்ல கஷ்டப்படற? நீ சொன்னது ரொம்ப சரி. இது ஒத்த ஆளே நிறுத்திடலாம். இன்னொரு ஆளுக்கு அங்க ஒரு வேலையும் இல்ல."

கையுறை வெளிய தெரியாம முந்தானைய இன்னும் இறுக்கிச் சுருட்டிக்கிட்டேன்.

"என்ன?"ன்னு கேட்டாரு.

"ஒண்ணுமில்ல. தொப்பி எடுத்துக்கிட்டீங்களா?"ன்னேன்.

"ஆங்"னாரு. வண்டிய ஸ்டார்ட் பண்ணி, ஒரு கையப் பின்னாடி நீட்டிக் கம்பம் ஆடுதான்னு தொட்டுப் பாத்துக்கிட்டுப் போயிட்டாரு.